சிங்கப்பூரில் குடித்தனம், கலிஃபோர்னியாவில் வரி: ஒரு 47 நாள் கணக்கு

கடிதம் முதலில் போய்ச் சேர்ந்தது வாடகைக்காரர் கையில்தான். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் வீட்டுக்கு வந்த விளம்பரத் தாள்களோடு அதையும் சமையல் மேடையில் ஓரமாக வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்யும்போது கண்ணில் பட்டது. படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சிங்கப்பூருக்கு அனுப்பினார். அது என் பார்வைக்கு வந்தபோது, பதில் சொல்லக் கொடுத்திருந்த 30 நாளில் 19 நாள் ஓடிப் போயிருந்தது.

அனுப்பியது கலிஃபோர்னியாவின் வருமான வரியைக் கவனிக்கும் ஃபிரான்சைஸ் டேக்ஸ் போர்டு. இங்கே எல்லோர் வாயிலும் அது எஃப்.டி.பி.தான். கேள்வி ஒன்றுதான்: 2021 ஆகஸ்டுக்குப் பிறகு நீங்கள் கலிஃபோர்னியா ரெசிடென்ட் (வரிக் கணக்கில் அங்கே வசிப்பவர்) இல்லை என்று தாக்கல் செய்திருக்கிறீர்கள், எதை வைத்து? கூடவே சில பக்கங்களுக்கு ஒரு கேள்வித்தாள்.

"அண்ணா, நாங்க நாட்டுலயே இல்லையே. இதுல கேக்க என்ன இருக்கு?" என்றார் கணவர்.

நான் பே ஏரியாவில் வரி தாக்கல் செய்து கொடுக்கும் என்ரோல்டு ஏஜென்ட். வெளிநாட்டுக்குப் போன அமெரிக்கர்களிடம் இந்தக் கேள்வியை வருடத்துக்குப் பத்துத் தடவையாவது கேட்கிறேன். கீழே இருப்பது ஒரு குடும்பத்தின் கணக்கு. ஆளைக் காட்டிக் கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன், தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். கணக்கு நடந்த விதம் மட்டும் அப்படியே.

கணவன், மனைவி இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். கணவர் மென்பொருள் பொறியாளர், மனைவி மருந்தாளர். ஒரு பெண் குழந்தை. ஃப்ரீமாண்டில் சொந்த வீடு, அதன் மேல் கடன். கம்பெனி கணவரை 2021 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சிங்கப்பூருக்கு அனுப்பியது. மூன்று வருட ஒப்பந்தம், 2024 ஆகஸ்ட் கடைசி வரை. மகளின் பள்ளி வருடம் கெடக் கூடாது என்று மனைவியும் குழந்தையும் ஃப்ரீமாண்டிலேயே இருந்தார்கள். 2022 ஜூன் 18-ஆம் தேதி அவர்களும் விமானம் ஏறினார்கள். வீட்டை இரண்டு வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டுவிட்டுப் போனார்கள்.

வரியை அவர்களே மென்பொருளில் போட்டிருந்தார்கள். மத்திய வரியில் தவறில்லை. அமெரிக்கக் குடிமகன் எங்கே இருந்தாலும் உலக வருமானம் முழுவதையும் காட்ட வேண்டும்; ஆனால் வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்ததில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். 2022-க்கு அந்த வரம்பு 1,12,000 டாலர். அதைச் சரியாகக் கழித்திருந்தார்கள். சிக்கல் அடுத்த திரையில் வந்தது. மாநிலத்துக்கு, கணவர் 2021 ஆகஸ்ட் 10 முதல் ரெசிடென்ட் இல்லை என்று 540 என்ஆர் படிவத்தில் போட்டு, சிங்கப்பூர் சம்பளத்தை ஒட்டுமொத்தமாக வெளியே தள்ளியிருந்தார்கள். வருடச் சம்பளம் 1,80,000 டாலர்.

மத்திய அரசு கழிவு கொடுத்தால் மாநிலமும் கொடுக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நியூயார்க்கும் வர்ஜீனியாவும் மத்தியக் கணக்கிலிருந்தே தொடங்குவதால், அங்கே அந்தக் கழிவு தானாக வந்துவிடும். கலிஃபோர்னியா அந்தக் கழிவை ஏற்பதில்லை, கழித்ததைத் திரும்பக் கூட்டச் சொல்லும். வெளிநாட்டில் கட்டிய வரிக்கும் இங்கே ஈடு கிடையாது. வேறொரு அமெரிக்க மாநிலத்துக்குக் கட்டினால்தான் ஈடு. வெளிநாடுகளோடு வாஷிங்டன் போட்ட வரி ஒப்பந்தங்களும் இந்த மாநிலத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. சிங்கப்பூரோடு அப்படி ஒரு ஒப்பந்தமே இல்லை என்பது வேறு விஷயம். ஆக, இங்கே ரெசிடென்ட் என்று முடிவானால் அடி முழுசாக விழும்.

சொந்த ஊர் எது, இப்போது எங்கே இருக்கிறீர்கள்

புதிதாக ஒருவரைப் பார்த்தால் நாம் இரண்டு கேள்வி கேட்போம். "சொந்த ஊர் எது?" என்பது ஒன்று. "இப்ப எங்க இருக்கீங்க?" என்பது இன்னொன்று. கலிஃபோர்னியாச் சட்டமும் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. முதலாவது டொமிசைல்: எங்கே போனாலும் கடைசியில் திரும்பி வருவேன் என்று மனதில் வைத்திருக்கும் ஊர். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு டொமிசைல்தான். புதிதாக ஒன்றில் போய் வேர் விடும்வரை பழையது விடாது. இரண்டாவது ரெசிடென்சி. டொமிசைல் இங்கே இருப்பவர் தற்காலிகமாக, போகிற போக்கில் வெளியே போயிருந்தால், அவர் ரெசிடென்டாகவே இருக்கிறார். அந்த வெளியேற்றம் தற்காலிகமானது இல்லை என்று ஆனால்தான் விடுதலை.

இந்தத் தம்பதிக்கு முதல் கேள்வியில் வாதாட எதுவும் இல்லை. மூன்று வருடம் கழித்துத் திரும்புவதாகத்தான் திட்டம். போதாக்குறைக்கு, சிங்கப்பூர் போன அடுத்த மாதமே, 2021 செப்டம்பர் 14-ல் ஆளுநர் நியூசமைத் திரும்ப அழைக்கும் தேர்தலில் கணவர் அங்கிருந்தே வாக்களித்திருக்கிறார். வெளிநாட்டு வாக்காளருக்கான விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: திரும்பி வரும் எண்ணம் இருக்கிறது, அல்லது திரும்புவது நிச்சயமில்லை. அவர் முதலாவதில் குறி போட்டிருந்தார். வெளிநாட்டில் இருந்துகொண்டு மத்தியத் தேர்தலில் வாக்களிப்பதை வைத்து ஒருவரின் வரி இருப்பிடத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. ஆளுநர் தேர்தலோ மாநிலத் தேர்தல், அந்தக் குடைக்குள் வராது.

அதனால் டொமிசைல் ஃப்ரீமாண்ட் என்று முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடலாம் என்றேன். கணவருக்கு அது பிடிக்கவில்லை. "ஒத்துக்கிட்டா தோத்துட்ட மாதிரிதானே?" இல்லை. டொமிசைல் போகாமலேயே ரெசிடென்சி போகலாம். அதற்கு மாநிலமே ஒரு கதவு வைத்திருக்கிறது.

546 நாள்

அந்தக் கதவுக்கு எங்கள் தொழிலில் சேஃப் ஹார்பர் என்று பெயர். வேலை ஒப்பந்தத்தின் பேரில் தொடர்ச்சியாகக் குறைந்தது 546 நாள் மாநிலத்துக்கு வெளியே இருந்தால், நீங்கள் ரெசிடென்ட் இல்லை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இதற்கு மூன்று தடுப்புகள். ஒப்பந்தம் நடக்கும் எந்த வருடத்திலும் வட்டி, டிவிடெண்ட், பங்கு லாபம் போன்ற வருமானம் 2,00,000 டாலரைத் தாண்டக் கூடாது. போனதன் முக்கிய நோக்கம் வரியைத் தவிர்ப்பதாக இருக்கக் கூடாது. மூன்றாவதுதான் ஆளை விழுத்தாட்டுவது: இடையில் திரும்பி வந்து போகலாம், ஆனால் ஒரு வரி வருடத்தில் மொத்தம் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது.

முதல் இரண்டும் சுலபமாகத் தாண்டின. 2021-ல் கொஞ்சம் பங்கு விற்றிருந்தார், லாபம் 60,000 டாலர்தான். 2021 ஆகஸ்ட் 10-லிருந்து எண்ணினால் 546-வது நாள் 2023 பிப்ரவரி 6. அதையும் தாண்டி அங்கே இருந்திருக்கிறார். மீதி இருந்தது 45.

"2022-ல 38 நாள்தாண்ணா. நல்லா எண்ணி வச்சிருக்கேன்." பிப்ரவரியில் குடும்பத்தைப் பார்க்க 12 நாள், ஜூனில் வீட்டைக் காலி செய்து அவர்களைக் கூட்டிப் போக 13 நாள், நவம்பரில் ஒரு கல்யாணத்துக்கு 13 நாள். விரிதாளில் பச்சை நிறம் அடித்து அனுப்பியிருந்தார்.

வாய்க்கணக்கை நான் எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்கக் குடிமகன் நாட்டுக்குள் நுழையும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை விழும் என்று நம்ப முடியாது. எனவே கிரெடிட் கார்டு அறிக்கை, விமானச் சீட்டு மின்னஞ்சல், போனில் இருக்கும் இடவரலாறு மூன்றையும் கேட்டு வாங்கி, வந்திறங்கிய நாளையும் கிளம்பிய நாளையும் சேர்த்தே எண்ணுவேன். ஏப்ரல் மாத அறிக்கையில் ஒரு வரி: ஃப்ரீமாண்டில் ஒரு பெட்ரோல் பங்க், 61 டாலர். அதற்குக் கீழே காஸ்ட்கோ.

"இது யாரு போட்டது? உங்க மனைவியா?"

"இல்லண்ணா, என் கார்டுதான்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. "ஓ, அது ஆபீஸ் ட்ரிப். ஹெட் ஆபீஸ்ல மீட்டிங். அது லீவு கிடையாதே."

ஒன்பது நாள். லீவா வேலையா என்று அந்த விதி பிரித்துப் பார்ப்பதில்லை, மாநிலத்தில் இருந்தீர்களா என்றுதான் பார்க்கிறது. 38-உம் 9-உம் 47. இரண்டு நாளில் கதவு சாத்திக்கொண்டது. அந்த ஒன்பது நாளில் ஏழு வேலை நாள். கலிஃபோர்னியா மண்ணில் உட்கார்ந்து வேலை பார்த்ததால், அவர் எந்த ஊர் ரெசிடென்டாக இருந்தாலும் அந்த ஏழு நாள் சம்பளம், சுமார் 5,250 டாலர், இங்கேதான் வரிக்கு வரும். அலுவலகப் பயணம் என்றால் கணக்கில் வராது என்று நினைத்தது இரண்டு இடத்தில் உதைத்தது.

சாத்திய கதவுக்கு வெளியே

சேஃப் ஹார்பர் கைவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. பழைய, பொதுவான சோதனைக்குத் திரும்ப வேண்டும்: மொத்தத்தில் யாருடைய பிடி அதிகம், கலிஃபோர்னியாவா, வெளியிடமா? இதற்கு எல்லோரும் புரட்டுவது 2003-ல் பிராக் என்பவரின் மேல்முறையீட்டில் அப்போது வரி மேல்முறையீடுகளைக் கேட்ட மாநில வாரியம் கொடுத்த பட்டியல். எங்கெங்கே வீடு, என்ன அளவு, என்ன மதிப்பு, மனைவி மக்கள் எங்கே, குழந்தைக்கு எந்தப் பள்ளி, கார் எங்கே பதிவு, ஓட்டுநர் உரிமம் யாருடையது, எந்த வங்கி, எந்த டாக்டர், எந்தப் பல் டாக்டர், தொழில் உரிமம், வாக்காளர் பதிவு, எந்த ஊரில் எத்தனை நாள் என்று நீண்டுகொண்டே போகும். இதில் இத்தனைக்கு இத்தனை மார்க் என்று எதுவும் இல்லை. அதனால்தான் இந்த வழக்குகள் ஓய்வதில்லை. கில்பர்ட் ஹயாட் என்ற கண்டுபிடிப்பாளர் 1991-ல் பக்கத்து நெவாடாவுக்குக் குடி போனதாகச் சொன்னார். அதை எஃப்.டி.பி. ஏற்காததில் கிளம்பிய சண்டை 2003, 2016, 2019 என்று மூன்று தடவை அமெரிக்க உச்ச நீதிமன்றப் படி ஏறியது.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. கேம்ப்பெல் சூப் கம்பெனியின் டாரன்ஸ் 1930-ல் இறந்தபோது அவருக்கு நியூஜெர்சியில் ஒரு வீடு, பென்சில்வேனியாவில் ஒரு வீடு. அவர் டொமிசைல் எங்கள் ஊர்தான் என்று இரண்டு மாநில நீதிமன்றங்களும் தீர்ப்புச் சொல்லி, இரண்டும் கோடிக்கணக்கில் வாரிசு வரி வாங்கின. ஒருவருக்கு ஒரு டொமிசைல்தான் என்று மேலே எழுதினேன் இல்லையா? ஒவ்வொரு மாநிலமும் அந்த ஒன்று தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

சரி, ஃப்ரீமாண்டுக்கு வருவோம். கேள்வித்தாளோடு இணைக்க அவர்கள் எனக்கு அனுப்பிய கோப்பு 140 பக்கம். அவ்வளவும் சிங்கப்பூர் காகிதம்: வேலை அனுமதி, அடுக்குமாடி வாடகை ஒப்பந்தம், மின் கட்டணம், கோயில் நன்கொடை ரசீது வரை. போனதை நிரூபிக்க மூச்சு முட்ட உழைத்திருந்தார்கள். போனார்கள் என்பதில் எஃப்.டி.பி.க்கு ஐயம் இருந்த மாதிரியே தெரியவில்லை. கேள்வித்தாளில் முக்கால்வாசி ஃப்ரீமாண்டைப் பற்றியது. அந்தப் பக்கத்துக் காகிதம் மூன்றுதான் கோப்பில் இருந்தது.

எனவே தேதியை இரண்டாக வெட்டினேன். 2022 ஜூன் 18-க்கு முன், பின்.

முன் பாதியில் அவர் சிங்கப்பூரில் ஒரு படுக்கையறை வாடகை வீட்டில் தனி ஆள். மனைவி, மகள், இரண்டு கார், நாய், நான்கு படுக்கையறை வீடு எல்லாம் ஃப்ரீமாண்டில். பத்து மாதத்தில் மூன்று தடவை வந்திருக்கிறார்; வந்து இறங்கியது அவர் வீட்டில், படுத்தது அவர் கட்டிலில். நீண்ட கால வேலைக்காகப் போனவரின் வெளியேற்றம் தற்காலிகமானது இல்லை என்று பழைய தீர்ப்புகளைக் காட்டி வாதாடலாம்தான். மூன்று வருட ஒப்பந்தம் அதற்குத் துணை நிற்கும். ஆனால் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தால் தராசு ஃப்ரீமாண்ட் பக்கம் சாய்வது எனக்கே தெரிந்தது.

பின் பாதி வேறு மாதிரி. வீட்டில் வேற்று ஆள் குடியிருக்கிறார். கார்களை விற்ற ரசீது இருக்கிறது. மகளுக்குச் சிங்கப்பூர் பள்ளிக் கட்டணம். நவம்பர் கல்யாணத்துக்கு வந்தபோது தங்க வீடில்லாமல் நண்பர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் கன்டெய்னர் கம்பெனியின் பொருள் பட்டியல். அதில் 34-வது வரியில் வெட் கிரைண்டர் ஒன்று, 35-வது வரியில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. கலிஃபோர்னியாவில் வாங்கிய 110 வோல்ட் கிரைண்டர் சிங்கப்பூர் கரண்டில் ஓடாது; அதற்காகத் தனியாக டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். நியூயார்க்கில் டொமிசைல் பார்க்கும்போது மனதுக்கு நெருக்கமான பொருள்கள் எங்கே போயின என்று கேட்பார்கள், வேடிக்கையாக டெடி பேர் சோதனை என்பார்கள். நம் வீடுகளுக்கு அது கிரைண்டர் சோதனை. நாலு மாதத்தில் திரும்பி வருகிறவர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க மாட்டார் என்று பதில் கடிதத்தில் எழுதினேன். சட்ட நடையில்தான் எழுதினேன், ஆனால் எழுதினேன்.

அந்த நல்ல பாதியில்தான் எழுபது டாலர் ஒரு ஓட்டை போட்டிருந்தது. கலிஃபோர்னியாவில் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குச் சொத்து வரியில் ஒரு சிறு சலுகை உண்டு: வீட்டின் மதிப்பில் 7,000 டாலரைக் கழிப்பார்கள், வருடத்துக்குச் சுமார் 70 டாலர் மிச்சம். குடி மாறினால் கவுண்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு, சொல்லி அதை நீக்க வேண்டும். 2023 ஜனவரி 1-ல் அந்த வீட்டில் இருந்தது வாடகைக்காரர். அந்த வருடச் சொத்து வரி ரசீதிலும் சலுகை அப்படியே இருந்தது. அதாவது, நாங்கள் இங்கே குடியில்லை என்று மாநிலத்துக்கும், இங்கேதான் குடியிருக்கிறோம் என்று கவுண்டிக்கும் ஒரே நேரத்தில் சொன்ன மாதிரி. பிராக் பட்டியலில் இந்தச் சலுகைக்கென்றே ஒரு இடம் உண்டு.

"அதை நான் பார்த்ததே இல்லை அண்ணா. வீடு வாங்கின அன்னிக்கு போட்ட கையெழுத்து" என்றார் மனைவி. அது உண்மை என்று நம்புகிறேன். எஃப்.டி.பி.க்குப் பதில் போகும் முன்பே கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, சலுகையை நீக்கச் சொல்லி, எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கட்டவைத்தேன். அந்த நகலையும் பதிலோடு இணைத்தேன். மறைத்து வைத்து அவர்கள் கண்டுபிடிப்பதைவிட நாமே மேசையில் வைப்பது மேல்.

பாதிக் கணக்கு

இனி அந்த முன் பாதி. அதற்காகச் சண்டை போடுவதா, விட்டுக்கொடுப்பதா? கணவருக்குச் சண்டை போடத்தான் ஆசை. பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தோம், அவர் வீடியோவில்.

2021 ஆகஸ்ட் 10 முதல் வருடக் கடைசி வரை அவர் சம்பளம் சுமார் 71,000 டாலர். 2022 தொடக்கத்திலிருந்து ஜூன் 18 வரை 83,300. மொத்தம் 1,54,300. கலிஃபோர்னியாவில் பாதி வருடம் இருப்பவருக்கு வரி போடும் விதமும் கொஞ்சம் விசித்திரம். உலக வருமானம் முழுவதற்கும் ரெசிடென்ட் மாதிரி வரி கணக்கிட்டு, அதில் கிடைக்கும் சராசரி விகிதத்தை எடுத்து, கலிஃபோர்னியாவுக்கு உரிய பங்கின் மேல் மட்டும் போடுவார்கள். வரிக்கு வராத சிங்கப்பூர் சம்பளமும் விகிதத்தை ஏற்றிவிடும். இவர்களுக்கு அந்தச் சராசரி ஏறக்குறைய 6.5 சதவீதம். 1,54,300-க்கு வரி சுமார் 10,000 டாலர்.

"அப்ப பத்தாயிரத்துக்குச் சண்டை. போடலாமே?"

பத்தாயிரம் இல்லை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒன்று வருகிறது. கலிஃபோர்னியாவில் கல்யாணத்துக்குப் பிறகு யார் சம்பாதித்தாலும் அது இருவருக்கும் சரிபாதி. சம்பாதிப்பவரின் டொமிசைல் கலிஃபோர்னியாவாக இருக்கும்வரை, அவர் சிங்கப்பூரில் இருந்து சம்பாதித்தாலும் அந்தப் பாதிக் கணக்கு மாறாது. அவர் டொமிசைல் ஃப்ரீமாண்ட் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டாயிற்று. ஜூன் 18 வரை மனைவி சந்தேகமில்லாமல் கலிஃபோர்னியா ரெசிடென்ட். எனவே கணவர் ரெசிடென்ட் இல்லை என்று நூற்றுக்கு நூறு ஜெயித்தாலும், அவர் சம்பளத்தில் பாதி மனைவியின் வருமானமாக இங்கே வரிக்கு வந்தே தீரும். ஏப்ரலில் மீட்டிங்குக்கு வராமலே இருந்து, சேஃப் ஹார்பர் கிடைத்திருந்தாலும் இந்தப் பாதி தப்பாது.

ஆக ஜெயித்தால் மிஞ்சுவது 5,000 டாலர். தோற்கும் வாய்ப்பு அதிகம், மேல்முறையீடு வருடக்கணக்கில் இழுக்கும், என் கட்டணமே அதைச் சாப்பிட்டுவிடும். இதற்கும் மேல் இன்னொரு காரணம் இருந்தது. பலவீனமான பாதியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்கினால், வலுவான பாதியையும் அதே கண்ணால் பார்ப்பார்கள். 2022 ஜூன் முதல் 2024 வரையிலான இரண்டு வருடச் சம்பளம் அந்தப் பக்கம் இருக்கிறது. அதில் தோற்றால் இழப்பு பல மடங்கு.

மனைவிதான் முடிவு சொன்னார். "விட்டுடுங்க அண்ணா. நான் இங்கதான் இருந்தேன், அவர் மனசும் இங்கதான் இருந்துச்சு."

2022 ஜூன் 18 வரை இருவரும் ரெசிடென்ட், அதற்குப் பிறகு இருவரும் இல்லை என்று இரண்டு வருடத்துக்கும் திருத்திய படிவங்கள் போட்டு, வரியை வட்டியோடு கட்டி, பதிலோடு அனுப்பினேன். 2023-லிருந்து சேஃப் ஹார்பரைப் புதிதாக எண்ணலாம் என்பதும் என் வாதம். பழைய 47 நாள் 2022-ஓடு போயிற்று. 2023-ல் மொத்தமே 21 நாள்தான் வந்திருந்தார்கள். இது என் வாசிப்பு, ஒருவர் மறுக்கலாம். அதனால் அதை இரண்டாவது வாதமாக வைத்து, பொதுச் சோதனையை முதலில் வைத்தேன். இரண்டு தடவை கூடுதல் காகிதம் கேட்டார்கள். இலையுதிர்காலத்தில், ஜூன் 18 தேதியை ஏற்றுக்கொண்டு கோப்பை மூடினார்கள்.

வேறு ஊராக இருந்திருந்தால்

இதே குடும்பம் நியூயார்க்கில் இருந்திருந்தால்? அங்கே 548 நாள் விதி. அந்த நாள்களில் குறைந்தது 450 நாள் வெளிநாட்டில் இருக்க வேண்டும், நியூயார்க்கில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. மனைவிக்கும் மைனர் குழந்தைகளுக்கும்கூட அந்த 90 நாள் வரம்பு உண்டு. மகள் பள்ளி முடிக்கக் காத்திருந்த பத்து மாதம் அங்கேயும் கணவரைக் கவிழ்த்திருக்கும். டெக்சாஸாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அங்கே மாநில வருமான வரி கிடையாது.

உடனே அடுத்த கேள்வி வரும், தெரியும். வெளிநாடு கிளம்பும் முன் இரண்டு வாரம் டெக்சாஸிலோ ஃபுளோரிடாவிலோ தங்கி, ஒரு அஞ்சல் பெட்டியும் ஓட்டுநர் உரிமமும் வாங்கிக்கொண்டு போனால்? மாதம் இரண்டு பேர் இதைக் கேட்கிறார்கள். புது டொமிசைலுக்கு அங்கே உண்மையில் போய் இருக்கவும் வேண்டும், அங்கேயே இருந்துவிடும் எண்ணமும் வேண்டும். ஃப்ரீமாண்டில் வீட்டையும் மனைவியையும் வைத்துக்கொண்டு, ஆஸ்டினில் ஒரு தபால் பெட்டியைக் காட்டி, சிங்கப்பூரில் உட்கார்ந்திருப்பவரிடம் எந்த எண்ணத்தைத் தேடுவார்கள்? குடும்பத்தோடு, வீட்டை விற்று, நிஜமாகவே குடி பெயர்ந்தவருக்கு அது வேலை செய்யும். மற்றவருக்கு அது செலவு.

ஆகஸ்ட் 15

கோப்பு மூடும் முன்பே, 2024 ஜூலையில், கணவர் ஒரு இரவு கூப்பிட்டார். ஆகஸ்ட் 10-க்குத் திரும்ப டிக்கெட் போட்டாயிற்று. ஒப்பந்தத்தின் மீதி நாளுக்கு லீவு. மகளுக்கு ஃப்ரீமாண்டில் பள்ளி திறப்பது அதற்கு அடுத்த வாரம். "வேற ஏதாவது பாக்கணுமாண்ணா?"

அவருடைய ஆர்.எஸ்.யூ., அதாவது கம்பெனி முதலில் அறிவித்துவிட்டுச் சில காலம் கழித்துக் கையில் தரும் பங்குகள், எப்போது கைக்கு வருகின்றன என்று கேட்டேன். 2023 பிப்ரவரியில் அறிவித்த ஒரு தொகுதி, சுமார் 90,000 டாலர், ஆகஸ்ட் 15-ல் கைக்கு வருகிறது.

அது கைக்கு வரும் நாளில் அவர் கலிஃபோர்னியா ரெசிடென்டாக இருந்தால் முழுத் தொகையும் இங்கே வரிக்கு வரும், சிங்கப்பூரில் உழைத்துச் சம்பாதித்தது என்றாலும். வேலையை முடித்துக் கிளம்பும் வெளிநாட்டவரின் பங்குகளுக்குச் சிங்கப்பூரும் கணக்குத் தீர்த்து வரி கேட்கும். அதற்குக் கலிஃபோர்னியா ஈடு தராது. அன்று ரெசிடென்டாக இல்லாவிட்டால், அறிவித்த நாளிலிருந்து கைக்கு வரும் நாள் வரை கலிஃபோர்னியாவில் வேலை பார்த்த நாள்களின் பங்குக்கு மட்டும்தான் வரி. 2023 பிப்ரவரிக்குப் பிறகு அவர் இங்கே ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லை. பங்கு பூஜ்யம்.

"ஒப்பந்தம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் இருக்கே. ஒரு வாரம் தள்ளிப் போயிடறேன். இவங்க ரெண்டு பேரும் மொதல்ல போகட்டும், ஸ்கூல் திறக்குது."

பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "வேணாம். நான் முன்னாடி போனா பாதி எனக்குல்ல?"

நான் சொல்ல வாயெடுத்ததை அவரே சொல்லிவிட்டார். மூன்று டிக்கெட்டும் 17-ஆம் தேதி சனிக்கிழமைக்கு மாறின. மகள் புது வகுப்பின் முதல் சில நாளைத் தவறவிட்டாள். பள்ளிக்குக் கொடுத்த லீவு கடிதத்தில் காரணம் என்று குடும்பப் பயணம் என எழுதினார்களாம்.